மூன்று கணக்கு, மூன்று விடை



ஒரு கோடை விடுமுறையில், முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அது ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்த கொட்டேஷன். விளையாட்டுகள் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்ய வேண்டும் என்பது அவனுடைய நீண்ட நாள் ஆசை. அவனுடைய அம்மா இரண்டு வருடமாகக் கட்டிய சீட்டுப் பணம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அதில் எழுபத்தைந்தாயிரம் ரூபாயை இதற்கென்று ஒதுக்கியிருந்தார்கள்.

"சார், இதில் எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு நல்ல கார்டு?" என்று கேட்டான்.

"எதற்கு நல்ல கார்டு?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அவன் விழித்தான். நீங்களும் விழிக்கலாம். நல்ல பொருள் என்றால் எங்கேயும் நல்ல பொருள்தானே? இல்லை என்பது என் கருத்து. ஒரு பாகத்தின் விலையைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். அதன் மதிப்பை அவரால் சொல்ல முடியாது. அது எந்தக் கம்ப்யூட்டரில், எந்த வேலைக்காக, எந்த வீட்டில் உட்காரப் போகிறது என்பதைப் பொறுத்தது. அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியவர் வாங்குகிறவர்தான். வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

பரோட்டா கடைக்கு ஒரு நடை

முதலில் கம்ப்யூட்டருக்குள் விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வோம். திரையில் நீங்கள் காண்பது உண்மையில் அசையும் படம் அல்ல. ஒன்றன் பின் ஒன்றாக வேகமாக மாறும் அசையாப் படங்கள். ஒரு நொடிக்கு இத்தனை படம் என்று அதை எண்ணுகிறோம்.

மாலை நேரத்தில் ஒரு பரோட்டா கடைமுன் நின்று கவனியுங்கள். ஒருவர் மாவை வீசிச் சுருட்டித் தருகிறார். இன்னொருவர் கல்லில் போட்டு வேகவைக்கிறார். மூன்றாமவர் இலையில் கொண்டுபோய் வைக்கிறார். கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். பந்து எங்கே இருக்கிறது, எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான் என்றெல்லாம் கணக்கிட்டு மாவு வீசித் தருவது பிராசசர். அந்தக் கணக்கைப் படமாக வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. உங்கள் கண்முன் வைப்பது மானிட்டர்.

கல்லில் நிமிடத்துக்கு இருபது பரோட்டா வேகும். ஆனால் மாவு வீசுபவரால் பத்துதான் தர முடியும். அப்படியானால் வெளியே வருவது எத்தனை? பத்துதான். கல்லை இன்னும் பெரிதாக்கினால் என்ன பயன்? ஒன்றும் இல்லை. அதைப்போல, எந்தக் கம்ப்யூட்டரின் வேகமும் அதில் மிக மெதுவாக இருக்கும் பாகத்தின் வேகத்தைத் தாண்டாது.

வரைவது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? சாதாரண மானிட்டர் ஒன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படம் என்றால் சுமார் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கண்டுபிடிக்க வேண்டும். 4கே திரை என்றால் 3840 × 2160. அதாவது சரியாக நான்கு மடங்கு. வேலை கூடுவது கிராஃபிக்ஸ் கார்டுக்குத்தான். பிராசசருக்கு ஏறக்குறைய அதே வேலைதான். ஆகவே பெரிய திரையில் கார்டு திணறும். சிறிய திரையில் பிராசசர் திணறும். திரையைச் சொல்லாமல் "எந்தக் கார்டு நல்லது?" என்று கேட்பது, ஊரைச் சொல்லாமல் "எந்த பஸ்ஸில் ஏறுவது?" என்று கேட்பது போலத்தான்.

கணக்கைத் தொடங்குவோம்

நம் மாணவனின் கொட்டேஷனில் இரண்டு கார்டுகள் இருந்தன. கணக்கு எளிதாக இருப்பதற்காக எண்களை முழுமையாக்கித் தருகிறேன். முதல் கார்டு 20,000 ரூபாய். அவன் ஆடும் விளையாட்டில் நொடிக்கு 80 படம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கார்டு 32,000 ரூபாய். அது 110 படம் தருகிறது. மற்றப் பாகங்கள் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்.

முதல் கணக்கு. கார்டின் விலையைப் படங்களின் எண்ணிக்கையால் வகுப்போம். முதல் கார்டில் ஒரு படத்துக்கு 250 ரூபாய். இரண்டாவதில் சுமார் 291 ரூபாய். ஆகவே முதல் கார்டுதான் லாபம். பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டாம் கணக்கு. கார்டு மட்டும் தனியாகப் படம் வரையுமா? முழுக் கம்ப்யூட்டரும் சேர்ந்துதானே வரைகிறது? அப்படியானால் முழு விலையை அல்லவா வகுக்க வேண்டும்? 60,000 ரூபாயை 80ஆல் வகுத்தால் 750. 72,000 ரூபாயை 110ஆல் வகுத்தால் சுமார் 655. அடடா, விடை தலைகீழாகிவிட்டதே! இப்போது விலை கூடிய கார்டுதான் லாபம்.

மாணவன் முகம் மலர்ந்தது. அவனுக்கு அந்தக் கார்டின் மேல்தான் கண். "பொறு" என்றேன். "வீட்டில் என்ன மானிட்டர் இருக்கிறது?"

அவனுடைய அக்கா வேலைக்குப் பயன்படுத்திய பழைய மானிட்டர். 60 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 60 முறைதான் அது புதுப் படம் காட்டும். கார்டு 80 வரைந்தாலும் 110 வரைந்தாலும் முழுசாகக் கண்ணுக்கு வந்து சேருவது 60தான்.

மூன்றாம் கணக்கு. 60,000 ரூபாயை 60ஆல் வகுத்தால் 1,000. 72,000 ரூபாயை 60ஆல் வகுத்தால் 1,200. விடை மறுபடியும் தலைகீழ்!

பார்த்தீர்களா? அதே இரண்டு கார்டுகள். அதே விலை. கார்டுகளில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் எது லாபம் என்பது இரண்டு தடவை மாறிவிட்டது. எதை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விளம்பரத்தில் யாராவது ஒரு வகுத்தலின் விடையைக் காட்டினால், பகுதியில் என்ன எண்ணைப் போட்டார்கள் என்று உடனே கேளுங்கள்.

கண்ணுக்கும் கைக்கும் எவ்வளவு வேகம் வேண்டும்?

"அப்படியானால் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் வாங்கிவிட்டால்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி சுமார் 16.7 மில்லி நொடி. 144 என்றால் 6.9. 240 என்றால் 4.2. முதல் படியில் ஏறும்போது 9.7 மில்லி நொடி மிச்சம். அடுத்த படியில் வெறும் 2.8 மில்லி நொடிதான் மிச்சம். ஆனால் அடுத்த படிக்குத்தான் செலவு அதிகம், ஏனென்றால் அத்தனை படங்களை வரைந்து தரக்கூடிய கார்டும் பிராசசரும் வேண்டுமே!

இதை உங்கள் கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நண்பர் ஒருவரை 30 செ.மீ. ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுழியம் இருக்கும் முனை கீழே இருக்கட்டும். அந்த முனைக்கு நேராக உங்கள் விரல்களைத் திறந்து வையுங்கள். அவர் சொல்லாமல் ஸ்கேலை விடும்போது சட்டென்று பிடியுங்கள். ஸ்கேல் விழுந்த தூரம் = ½ × புவியீர்ப்பு முடுக்கம் × காலத்தின் வர்க்கம். 20 செ.மீ. குறியில் பிடித்தால் உங்கள் கை எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 0.2 நொடி, அதாவது 200 மில்லி நொடி. பெரும்பாலோருக்கு இதற்கு அருகில்தான் வரும்.

200 மில்லி நொடி எடுக்கும் கைக்கு 2.8 மில்லி நொடி மிச்சம் பிடிக்கப் பல ஆயிரம் செலவழிக்கலாமா? போட்டிகளில் ஆடுகிறவர்கள் செலவழிக்கட்டும். அவர்களுக்கு அது தொழில். அதிகப் படங்கள் இருந்தால் அசைவு வழுவழுப்பாகத் தெரியும் என்பதும் உண்மையே. 60இலிருந்து 144க்குப் போனால் வேறுபாடு நன்றாகவே தெரியும். ஆனால் ஒவ்வொரு படியிலும் செலவு கூடிக்கொண்டும் பயன் குறைந்துகொண்டும் போகிறது. எந்தப் படியில் நிற்பது என்று தெரிந்தவரே கெட்டிக்காரர்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

2016ஆம் ஆண்டு என்விடியா நிறுவனம் ஜி.டி.எக்ஸ். 1060 என்ற கார்டை 6 ஜி.பி., 3 ஜி.பி. என இரண்டு வகையாக வெளியிட்டது. நினைவகம் மட்டும்தான் வேறு என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் ஒன்றில் கணக்கிடும் அலகுகள் 1280, மற்றதில் 1152. 2022இல் அதே நிறுவனம் ஆர்.டி.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. ஒன்றில் 9728 அலகுகள், மற்றதில் 7680. எதிர்ப்பு வலுத்ததால், பெயர் குழப்பம் தருகிறது என்று ஒப்புக்கொண்டு சிறியதைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு அதே சில்லு 4070 டி.ஐ. என்ற பெயரில் கடைக்கு வந்தது.

2025 ஜனவரியில் இன்னொரு வேடிக்கை. 5070 என்ற கார்டு, முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090க்கு ஈடான வேகம் தரும் என்று மேடையில் சொன்னார்கள். அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி, இரண்டு உண்மைப் படங்களுக்கு நடுவே செயற்கை நுண்ணறிவு ஊகித்து நிரப்பிய படங்கள். அவை அசைவை வழுவழுப்பாக்கும். ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்தியது அந்த ஊகப் படங்களுக்குத் தெரியாது. இதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. எதை எண்ணினார்கள் என்று கேட்காமல் எண்ணை நம்பக்கூடாது என்கிறேன். தயாரிப்பாளரின் வரைபடத்தை விட்டுவிட்டு, நீங்கள் ஆடும் அதே விளையாட்டை, உங்கள் திரை அளவில், வெளியார் சோதித்துச் சொன்ன எண்ணைத் தேடுங்கள்.

யானை வாங்கி அங்குசத்துக்கு அழுவதா?

இனி அந்தக் கொட்டேஷனில் என்னைத் திடுக்கிடவைத்த வரிக்கு வருகிறேன். பல வண்ண விளக்குகள் எரியும் கண்ணாடிக் கேபினெட்டுக்கு ஏழாயிரம் ரூபாய். மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஆயிரத்துச் சொச்சம்!

எஸ்.எம்.பி.எஸ். ஒரு படம்கூட வரையாது. அதனால் யாரும் அதை மதிப்பதில்லை. ஆனால் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் ஊட்டுவது அதுதான். மட்டமான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் "450 வாட்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். அத்தனை வாட்டைத் தொடர்ந்து தருமா என்பது வேறு விஷயம். மின்னழுத்தம் எகிறும்போது துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்றுகளை மிச்சம் பிடித்திருப்பார்கள். அது போகும்போது தான் மட்டும் போகாது. மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சுட்ட வாடை வந்ததும் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்கள். ஒரு நொடியில் போனது பல மாதச் சேமிப்பு.

"80 பிளஸ்" என்ற முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தையாவது பாகங்களுக்குத் தருகிறது என்பது அதன் பொருள். பாகங்களுக்கு 300 வாட் வேண்டும், திறன் 80 சதவீதம் என்றால் சுவரிலிருந்து 375 வாட் இழுக்கும். மிச்சம் 75 வாட்டும் வெப்பம். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் மாதத்துக்குச் சுமார் 34 யூனிட். வீட்டு மின் கட்டண அட்டையை எடுத்து இந்த யூனிட்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அந்த முத்திரை திறனை மட்டும்தான் சொல்லும், பாதுகாப்பைச் சொல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். பாதுகாப்பு விவரத்தைத் தனியே கேட்டு, வாரன்டி எத்தனை வருடம் என்று பாருங்கள்.

புதுச்சேரிக்கு ஏற்ற கம்ப்யூட்டர்

வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 பாகை வெப்பமுள்ள அறைகளில் நடக்கின்றன. நம் மே மாதத்து அறையில் 35 பாகை இருக்கும். சில்லின் வெப்பம் அறை வெப்பத்தின் மேல்தான் ஏறுகிறது. அங்கே 75 பாகையில் நிற்பது இங்கே 85 அல்லது 90க்கு வரும். பல பிராசசர்கள் 90, 100 பாகையை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. கண்ணாடியால் மூடிய கேபினெட்டைவிட, முன்பக்கம் வலை வைத்துக் காற்று தாராளமாகப் போகும் கேபினெட்டே நமக்கு ஏற்றது. கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்றால் உப்புக் காற்றும் உண்டு. தூசியை அடிக்கடி துடையுங்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையில் வைத்த கேபினெட்டின் கதி என்ன ஆகும்? மேசைமேல் வைக்கச் செலவே இல்லை. எந்த விமர்சகரும் சொல்லாத இந்த ஒரு யோசனை, உங்கள் மொத்தப் பணத்தையும் காப்பாற்றலாம்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு விஷயம். பாரிஸில் இருக்கும் பெரியப்பாவோ மாமாவோ லீவுக்கு வரும்போது கார்டு வாங்கிவருவதாகச் சொல்வார்கள். அன்பை மறுக்க வேண்டாம். ஆனால் அங்கே வாங்கிய பொருளுக்கு இங்கே வாரன்டி செல்லுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். லேப்டாப் என்றால் அதன் விசைப்பலகை பிரெஞ்சு வரிசையில் இருக்கும். நாம் 'டபிள்யூ' இருக்குமென்று நினைக்கும் இடத்தில் 'இசட்' இருக்கும்! நண்பர் சொன்னபடி பொத்தானை அழுத்தினால் வீரன் வேறு பக்கம் போவான்.

சென்னை ரிச்சி தெருவில் மலிவு என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வரி நாடு முழுவதும் ஒன்றுதான். வித்தியாசம் போட்டியாலும் இருப்பாலும் வருவது. மிச்சமாகும் தொகையிலிருந்து பஸ் கட்டணத்தைக் கழியுங்கள். பழுதானால் மறுபடி 150 கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போக வேண்டியதையும் கழியுங்கள். அப்போதும் மிச்சம் இருந்தால் போய் வாருங்கள். எங்கே வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

விலை வேறு, மதிப்பு வேறு

2021இல் கிராஃபிக்ஸ் கார்டுகள் அறிவித்த விலையைவிடப் பல மடங்குக்கு விற்றன. தட்டுப்பாடு ஒரு பக்கம். 'கிரிப்டோ' நாணயம் தோண்டுகிறவர்கள் அள்ளிக்கொண்டு போனது மறுபக்கம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற நாணயம் தோண்டும் முறையையே கைவிட்டது. இரவும் பகலும் உழைத்த கார்டுகள் செகண்ட்ஹேண்ட் சந்தைக்கு வந்து குவிந்தன. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவிக்க, ரேம் விலை மளமளவென்று ஏறியது. கார்டும் ரேமும் அதேதான். ஏறி இறங்கியது ஊரின் அவசரம். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால், காத்திருப்பதும் ஒரு பாகத்தை வாங்குவதற்குச் சமம்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "விளையாட்டுக்கு இவ்வளவு பணமா?" என்று கோபப்படாதீர்கள். 2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் உலகை வியக்கவைத்த 'அலெக்ஸ்நெட்' என்ற நிரல், விளையாட்டுக்காக விற்ற இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளில்தான் பயிற்சி பெற்றது. பிள்ளை அதே பெட்டியில் நிரல் எழுதலாம், படம் வரையலாம். விலைப்பட்டியலை அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். அதைவிட நல்ல கணக்குப் பாடம் கிடைக்காது.

நம் மாணவன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? 20,000 ரூபாய்க் கார்டையே வாங்கினான். வண்ண விளக்குக் கேபினெட்டை விட்டுவிட்டு வலை வைத்ததை எடுத்தான். அந்த மிச்சம் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் போனது. ஒரே 16 ஜி.பி. ரேமுக்குப் பதில் இரண்டு 8 ஜி.பி. போட்டான், ஏனென்றால் இரண்டு என்றால் தகவல் போக இரண்டு பாதை கிடைக்கும். கையில் நின்ற பணத்தில் ஒரு யு.பி.எஸ். வாங்கி, மீதியை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தான். என்றைக்காவது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கும்போது அவனுடைய கணக்கு மறுபடி மாறும். மாறட்டும். அப்போது போடத்தான் அவனுக்குக் கணக்கு தெரியுமே!

நீங்களும் ஒரு தாளை எடுங்கள். நான் ஆடும் விளையாட்டு எது, என் திரை எது, என் வீட்டு வெப்பமும் மின்சாரமும் எப்படி என்று முதலில் மூன்று வரி எழுதுங்கள். விலைகளை அதன் பிறகு எழுதுங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் எது என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.